ஏரி மாடல்ல தண்ணி காத்துக்கு எதிரா போகுது, நான் விட்ட ஆரஞ்சு காத்தோட போகுது, எது தப்பு?

தாம்பரம்_எம்டெக்:
எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் தாண்டி ஒரு ஏரிக்கு டெல்ஃப்ட்3டில (தண்ணி ஓட்டத்தைக் கணக்கு போடுற சாஃப்ட்வேர்) மாடல் போட்டிருக்கேன், எம்டெக் ப்ராஜெக்ட். கிழக்குல கரை, அங்க ஆழம் 4 மீட்டர், மேற்கால போகப் போக அரை மீட்டர்தான். நீளம் தெற்கு வடக்கா 2 கிலோமீட்டர். 2டி ரன்தான், 50 மீட்டர் கட்டம், தெக்கத்தி காத்து 5 மீட்டர்/செகண்டுக்கு குடுத்தா மேற்குப் பக்கம் அம்புக்குறி எல்லாம் வடக்க போகுது, ஆனா கரையோரம் ஆழமான இடத்துல தெக்க திரும்புது. பர்மிஷன் வாங்கி மதகுக்கிட்ட ஆரஞ்சுப் பழம் விட்டுப் பாத்தேன், காத்து அதே அளவுதான், பத்து நிமிஷத்துல 70 மீட்டர் வடக்க போயிடுச்சு. ரெண்டு வாரமா இதுலயே நிக்கிறேன், எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்க.

மீனம்பாக்கம்_காத்து:
முதல்ல காத்து ஃபைலைப் பாருங்க ப்ரோ. வானிலைக்காரங்க சொல்ற திசை காத்து எங்கிருந்து வருதுங்கிறது, எங்க போகுதுங்கிறது இல்ல. தெக்கத்தின்னா 180 டிகிரி. இதுல தலைகீழா குடுத்து ஒரு செமஸ்டரே போன ஆளு எனக்குத் தெரியும்.

தாம்பரம்_எம்டெக்:
செக் பண்ணிட்டேன்ணா, 180தான். தலைகீழா இருந்தா மேற்குப் பக்கமும் தெக்க போயிருக்கணுமே.

மதகடி:
தம்பி, ரெண்டுமே சரிதான். மாடல்ல பிழை இல்ல. புத்தகத்துல ஏரின்னா நடுவுல ஆழமான கிண்ணம், அதுல ரெண்டு சுழல் வரும், ஓரத்துல காத்தோட, நடுவுல எதிரா. நம்ம ஏரி கிண்ணம் இல்ல, முறம் மாதிரி, ஒரு பக்கம்தான் ஆழம், அதனால ஒரே பெரிய சுழலா வருது.

காத்து தண்ணியை வடக்க ஒதுக்குது, உங்க ஏரிக்கு இந்தக் காத்துல மேடு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வரும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா அந்தச் சரிவு ஒவ்வொரு லிட்டர் தண்ணியையும் தெக்க ஒரே அளவு தள்ளும். காத்தோட இழுப்பு அப்படி இல்ல, அது மேற்பரப்புல விழுந்து கீழ இருக்கிற தண்ணி முழுக்க பங்காகும். அரை மீட்டர் இடத்துல கொஞ்சம் தண்ணிதானே, காத்து ஜெயிக்குது. 4 மீட்டர் இடத்துல சரிவு ஜெயிக்குது. 2டி மாடல் காட்டுறது மேலயிருந்து அடி வரைக்குமான சராசரி. உங்க ஆரஞ்சு மேல இருக்கிற சில சென்டிமீட்டர் தண்ணியோட போச்சு, மேல்தண்ணி காத்து வேகத்துல 2, 3 சதவீதம் போகும்னு கணக்கு, 5க்கு செகண்டுக்கு 10-15 சென்டிமீட்டர், உங்க 70 மீட்டர் கரெக்டா அதுக்குள்ள வருது! அடில தெக்க திரும்புறதை நீங்க பாக்கல, அவ்ளோதான்.

இதே விஷயம்தான் 1928 சூறாவளில ஃப்ளோரிடாவோட ஒக்கிசோபி ஏரில நடந்துச்சு, ஆழம் கம்மியான பெரிய ஏரி, புயல் காத்து தண்ணியை ஒரு பக்கமா ஒதுக்கி, கரை உடைஞ்சு 2,500 பேருக்கு மேல செத்தாங்க. 3 மில்லிமீட்டர்னு லேசா விட்டுடாதீங்க.

3டில 8, 10 சிக்மா லேயர் (ஆழத்தை மேலயிருந்து அடி வரைக்கும் பிரிக்கிற அடுக்கு) வெச்சு ஓட்டுங்க, மேல் லேயரை ஆரஞ்சோட ஒப்பிடுங்க. பூமி சுத்துறதோட விளைவை இப்போதைக்கு விட்டுடலாம், நம்ம 13 டிகிரி அட்சரேகைல அது ஓடுற தண்ணியை ஒரு முழு சுத்து திருப்ப 53 மணி நேரம் ஆகும், உங்க ஏரி அவ்ளோ பெரிசும் இல்ல.

மீனம்பாக்கம்_காத்து:
இன்னொண்ணு, ஒரு நாள் சராசரி காத்தைக் குடுக்காதீங்க. நம்ம ஊர்ல கடல்காத்து மதியம் எழும்பி சாயந்திரம் அடங்கும். இழுப்பு வேகத்தோட வர்க்கத்துல போகுது. 6 மணி நேரம் 6 மீட்டர், மீதி 18 மணி நேரம் 1 மீட்டர்னா சராசரி 2.25, அதோட வர்க்கம் 5 சொச்சம். மணிக்கு மணி வர்க்கம் எடுத்து சராசரி போட்டா 9.75, பாதி இழுப்பு காணாமப் போகுது பாருங்க.

தாம்பரம்_எம்டெக்:
ரொம்ப நன்றிண்ணா, மனசு லேசாச்சு. நான் தினசரி சராசரிதான் குடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன். அடித்தண்ணியை எப்படி அளக்கிறது, கருவி வாங்க காசு இல்ல. ஆகாயத்தாமரை ஒதுங்குற இடத்தை வெச்சு சரிபாக்கலாமா?

மதகடி:
ஆகாயத்தாமரை வேணாம், அதோட இலையே பாய்மரம் மாதிரி காத்தைப் பிடிக்கும், தண்ணி போற திசையைச் சொல்லாது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை ரெண்டு மூங்கில் குச்சில சிலுவையா கட்டி, கீழ கல்லு கட்டி, 3 மீட்டர் கயித்துல ஒரு சின்ன பாட்டில்ல தொங்க விடுங்க. பாட்டில் முக்கால்வாசி முழுகியிருக்கணும். அது தெக்க நகந்துச்சுன்னா இங்க வந்து போடுங்க, நானும் பாக்கணும்.