மெஷின்ல நூல் சிக்குது, அவசரம்

புதுத்தையல்: நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடின மெஷின். காலையில இருந்து நாலு தையல் போறதுக்குள்ள நூல் சிக்கி, சக்கரமே சுத்த மாட்டேங்குது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்யாண ரவிக்கை கொடுக்கணும். கை ரெண்டும் வச்சுத் தைச்சா முடிஞ்சுது. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கத்தரிக்கோல்: மிதிக்கிற மெஷினா, மோட்டாரா? சிக்கு துணிக்கு மேலயா, அடியிலயா? கடைசியா எதை மாத்தினீங்க?

பாபின்பாபு: பாபின் கேஸ்தான், அதாவது அடி நூல் சுத்தின பாபினைப் போடுற சின்ன டப்பா. சந்தேகமே வேணாம். கேஸை வெளிய எடுத்து நூலைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. சர்ருனு இறங்கினா லூஸ். லேசா உலுக்கினா கொஞ்சம் இறங்கி நிக்கணும். கேஸ் மேல இருக்குற சின்னத் திருகைக் கால் சுத்து இறுக்குங்க.

மஞ்சள்டேப்: ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பீங்க. தண்டுல ஒரு பக்கம் தட்டை, எதிர்ப்பக்கம் நீளப் பள்ளம். பள்ளம் இருக்குற பக்கத்துல இருந்துதான் நூலைக் கோக்கணும்.

பழையகை: மெஷின் முன்னாடி உக்காரும் முன்ன எந்தப் பாகம் என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்மா. இங்க எத்தனையோ தடவை எழுதிட்டேன், யாரும் படிக்கிறதில்ல. மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவுல பின்னிக்கிறதுதான் இந்தத் தையல். 1846ல எலியாஸ் ஹோவ் அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினதும் இதுக்குத்தான். அடியில நூல் சுருண்டு கூடு கட்டினா மேல் நூலைப் பாரு. பாபின் நூல் மேல தெரிஞ்சா கேஸைப் பாரு. ஊசி திரும்பினா பெரும்பாலும் தையல் விடும், இப்படிக் கூடு கட்டாது.

புதுத்தையல்: அம்மாவோட பழைய மிதி மெஷின். சிக்கு அடியில. காலையில கறுப்பு நூலை எடுத்துட்டு அரக்கு நூல் போட்டேன். திருகை இறுக்கியாச்சு, அப்பவும் அப்படியேதான்.

கத்தரிக்கோல்: நூல் மாத்தினதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தைத் தூக்கி வச்சிருந்தீங்களா? பாதம் மேல இருந்தாத்தான், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தகடு ரெண்டும் விலகி நூல் உள்ள உக்காரும். இறக்கி வச்சுக் கோத்தா நூல் வெளியிலயே நின்னுடும், பிடிமானமே இருக்காது. அடுத்து, ஊசியோட சேர்ந்து மேலயும் கீழயும் ஆடுற கொக்கி. அதோட ஓட்டையில நூல் இருக்கா? ஒவ்வொரு தையலுக்கும் தொங்குற நூலை மேல இழுக்குறதே அதுதான். அது விட்டுப்போச்சுன்னா தொங்கல் எல்லாம் அடியில போய்ச் சேரும்.

மஞ்சள்டேப்: எண்ணெய் விட்டீங்களா? எங்க வீட்ல எப்பவும் தேங்காய் எண்ணெய்தான்.

பழையகை: ஐயோ, தேங்காய் எண்ணெயா! மெஷினைக் கொல்ற வேலை அது. நாளானா பிசுபிசுன்னு ஆகி, பஞ்சுத் தூசியோட சேர்ந்து இறுகிடும்.

மஞ்சள்டேப்: எங்க பாட்டி அதைத்தான் விட்டாங்க. மெஷின் இன்னும் ஓடுது.

நீலகிரித்தையல்: நான் ஊட்டி. இங்க டிசம்பர்ல தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளயே கட்டியா நிக்கும். ஒரு தடவை விட்டுட்டு, காலையில மிதிச்சா மிதி அசையவே இல்ல. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித்தான் ஓட்டினேன். மெஷின் ஆயில் சின்ன பாட்டிலே பல மாசம் வரும், அதையே வாங்குங்க.

பாபின்பாபு: எண்ணெய்க் கதையை விடுங்க, அந்தப் பொண்ணுக்கு ஆறு மணி ஆகப் போகுது.

புதுத்தையல்: சரியாயிடுச்சு! பாதத்தைத் தூக்கிட்டுப் பார்த்தேன். டென்ஷன் தகடுக்கு நடுவுல பழைய கறுப்பு நூல் அறுந்து, அரை விரல் நீளத்துக்கு மாட்டியிருந்துச்சு. ஊசி முனையால எடுத்துட்டு மறுபடி கோத்தேன். கை தைச்சுட்டு இருக்கேன். ரொம்ப நன்றி.

கத்தரிக்கோல்: சந்தோஷம்மா. பாபின் கேஸ் திருகை இறுக்கினீங்களே, அதைக் கால் சுத்து திருப்பி விட்டுட்டு, வேஸ்ட் துணியில ஒரு சாண் ஓட்டிப் பார்த்துட்டு அடுத்த கையைத் தைங்க.