மிளகாய் சுருள்கிறது, வெண்டை மஞ்சளாகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னை திருவான்மியூரில் மொட்டை மாடித் தோட்டம். பையில் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து மிளகாய், வெண்டை, கத்தரி வைத்திருக்கிறோம். கத்தரி மட்டும் பரவாயில்லை.

மிளகாய் முழங்கால் உயரத்தைத் தாண்டவே இல்லை, கொழுந்தும் சுருண்டு போகிறது. இலைப்பேன் என்றால் மேல்நோக்கியும், சிலந்திப்பேன் (சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி) என்றால் கீழ்நோக்கியும் சுருளும் என்பார்கள். என் செடியில் இரண்டும் தெரிகிறது! லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு மாலையில் அடிக்கிறேன். புதுக் கொழுந்தும் அப்படியே வருகிறது. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) அடிக்கலாமா? இந்த வெயிலில் இலை கருகிவிடுமோ என்று பயம். வேப்பெண்ணெய் அடித்த பிறகு எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும்?

வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகியிருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்தான், பிடுங்கத்தான் வேண்டும், சரி. அதே பையில் மறுபடி வெண்டை போடலாமா?

அப்புறம் தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. பை ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு படிகிறது. வளர்ச்சி நிற்பதற்கு இதுதான் காரணமா? மெட்ரோ தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் திட்டு விழும். கடற்கரைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?