உறைதலா, விக்கலா? கேமரா ‘ஹேங்’ ஆவதற்கு ஒரு சொல்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலத் தொழில்நுட்பச் சொற்களுக்கு நம் குழு தொகுக்கிற தமிழ்ச் சொற்பட்டியலில், ‘ஹேங்’ என்பதற்கு ‘உறைதல்’ என்று முடிவு செய்து ஏற்றிவிடலாம் என்று போன வாரம் பேச்சு வந்தது. கணினிக்குச் சரி. கேமராவுக்கு அது ஆகாது. மதுரையைச் சுற்றி இருபது வருடமாகக் கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ‘உறைதல்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. பாலமேட்டில் வாடிவாசலை விட்டுப் பாயும் காளையை 1/2000 நொடியில் எடுத்தால், குளம்பு கிளப்பிய மண்ணும் தேங்காய் நாரும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். அதைத்தான் அசைவை உறைய வைப்பது என்கிறோம். அது கைத்திறமை. அதே சொல்லைக் கேமரா மக்கர் பண்ணுவதற்கும் வைத்தால், “உறைஞ்சிருச்சுண்ணே” என்று ஒரு பையன் சொல்லும்போது தட்டிக்கொடுப்பதா, தலையில் கை வைப்பதா?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததுதான் எனக்கு வலித்தது.

திருமங்கலத்தில் ஒரு முகூர்த்தம். நான் அன்றைக்கு வேறு மண்டபத்தில். உதவிக்கு வரும் தம்பி போன் அடித்தான். “அண்ணே, தாலி கட்டுறப்ப விடாம அடிச்சேன், கேமரா ஹேங் ஆயிருச்சு. அமுக்குனா எடுக்கவே மாட்டேங்குது.” நான் யோசிக்கவே இல்லை. “பேட்டரியைக் கழட்டிப் போடுடா” என்றேன். போட்டான். கேமரா எழுந்துகொண்டது. சாயங்காலம் கார்டைத் திறந்து பார்த்தால், மாப்பிள்ளை போட்ட முடிச்சு இருக்கிறது. நாத்தனார் போட்ட முடிச்சுகள் இல்லை. அந்த நாத்தனார் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கேமராவுக்கு ஒரு கோளாறும் இல்லை என்பதுதான் விஷயம். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பு (சுருக்கிச் செதுக்காத மூலப் படம்) ஒன்று ஏறத்தாழ 25 எம்பி வரும். நொடிக்குப் பத்துப் படம் என்றால் 250 எம்பி. அவன் போட்டிருந்தது ‘வி30’ என்ற வேக முத்திரை குத்திய கார்டு. தொடர்ந்து எழுதுவதற்கு அந்த முத்திரை தரும் உறுதி நொடிக்கு 30 எம்பிதான். கார்டு அதைவிட நல்லதாகவே இருக்கட்டும், கேமராவும் அந்தக் கார்டும் பேசிக்கொள்கிற யுஎச்எஸ்-1 என்ற பாதையில் நொடிக்கு 104 எம்பிக்கு மேல் போக வழியில்லை. மிச்சப் படங்களெல்லாம் நாம் ‘இடையகம்’ என்று பெயர் வைத்திருக்கிற பஃபரில், அதாவது கேமராவின் தற்காலிக நினைவகத்தில், வரிசையில் நிற்கும். அது நிரம்பினால் கேமரா புதுப் படம் எடுக்காது. உள்ளே இருப்பதைக் கார்டில் இறக்கிக்கொண்டே இருக்கும். கார்டு மூடிக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரிகிறதே, அது அந்த வேலையின் அடையாளம். விளக்கு அணையும் வரை சும்மா இருந்திருந்தால் எல்லாம் வந்திருக்கும். பேட்டரியைப் பிடுங்கியதும் இடையகத்தில் இருந்தது அத்தனையும் போச்சு. கார்டையே தொடாத படத்தை எந்த மீட்பு மென்பொருளும் திருப்பித் தராது.

இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் உண்மையான ‘ஹேங்’. 2012-ல் வந்த நிக்கான் டி4, டி800 இரண்டும் சில அமைப்புகளில் அப்படி நின்றன. வெளிச்சம் மிஞ்சிய இடங்களையும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமையும் (சிவப்பு, பச்சை, நீல வெளிச்ச அளவின் வரைபடம்) திரையில் காட்டும் வசதியை அணைத்து வைக்கும்படி நிறுவனமே சொன்னது. அப்புறம் கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான நிலைபொருளைத் திருத்தி வெளியிட்டது. அப்படி நிற்கும் கேமராவில் பொத்தான்களுக்கு மதிப்பே இருக்காது. அங்கே எவ்வளவு பொறுத்தாலும் பிரயோசனமில்லை, பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டும்.

ஆக ஒன்றுக்கு மருந்து பொறுமை, இன்னொன்றுக்கு மருந்து பேட்டரியைப் பிடுங்குவது. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம். ‘ஹேங்’ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது. நாம் ‘உறைதல்’ என்று போட்டால் அந்த மூட்டைக்குத் தமிழ்ச் சீட்டு ஒட்டியதாகத்தான் ஆகும். எனக்கு வேண்டியது இரண்டு சொல்.

முதலாவதற்கு ‘விக்கல்’ என்கிறேன். சோற்றை அள்ளி அள்ளிப் போட்டால் விக்கும். கொஞ்சம் நிதானித்தால் இறங்கிவிடும். “கேமரா விக்குது” என்று அன்று அவன் சொல்லியிருந்தால் என் வாயில் பேட்டரி வந்திருக்காது. (விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். நினைத்தது நாத்தனாராகத்தான் இருக்க வேண்டும்.)

இரண்டாவதற்கு ‘மரப்பு’. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதே, அது. கால் அங்கேயேதான் இருக்கிறது, சொன்ன பேச்சுக் கேட்காது. உதறினால்தான் வரும்.

‘முடக்கம்’ எனக்கு ஒட்டவில்லை. வங்கிக் கணக்கு முடக்கம், 2020-ன் பொதுமுடக்கம் எல்லாம் வேறொருவர் செய்கிற காரியம். உசிலம்பட்டித் தம்பி சொன்ன ‘சண்டி’ கேட்கச் சுகமாக இருக்கிறது, பாதி வழியில் படுத்துக்கொள்கிற வண்டிமாடு கண்ணுக்கு முன்னால் வருகிறது. ஆனால் சண்டிமாட்டுக்கு வாலை முறுக்குவார்கள். கேமராவில் முறுக்கக் கழுத்துவார்தான் இருக்கிறது.

திரையிலேயே பிழை எண் காட்டி நிற்பதை இதில் சேர்க்காதீர்கள். கேனானில் ‘எர்ர் 01’ வந்தால் லென்சும் உடலும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தொடுமுனைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அதற்குப் ‘பிழை’ என்ற சொல்லே போதும்.

பதில், மேலூரிலிருந்து:

தம்பி, இரண்டாகப் பிரித்தது நியாயம். சொற்களில் எனக்குத் தடை உண்டு.

விக்கல் என்ற பெயர்ச்சொல் விட்டுவிட்டு வருவதைக் குறிக்கும். ‘ஹிக் ஹிக்’ என்று நடுநடுவே தடங்குவது. உங்கள் கேமராவோ ஒரேயடியாக நின்று, பிறகு ஒரேயடியாக விடுபடுகிறது. அதற்குத் ‘திணறல்’ பொருந்தாதா? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி திணறுகிறது என்கிறோம். சுமை மிஞ்சியதால் வந்த நிலை என்பதும் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது ‘மரப்பு’. முப்பது வருடம் தமிழ்த் தாள் திருத்திய கை இது. நீங்கள் ‘மரப்புப் பிழை’ என்று எழுதி அனுப்புங்கள், அச்சில் ‘மரபுப் பிழை’ என்றுதான் வரும். யானைக் கன்றை யானைக் குட்டி என்று எழுதிய பாவம் உங்கள் கேமராவின் மேல் விழும்.

ஐயாவுக்குப் பதில்:

மரபுப் பிழைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அடி சரியான அடி. ‘மரப்பு’ வேண்டாம். ‘மரத்தல்’ என்று தொழிற்பெயராகவே வைத்துவிடலாம். மரம் என்று யாராவது படித்தாலும், மரம் மாதிரி நிற்கிறது என்று பொருள் வரும், கெட்டுப்போகாது.

‘திணறல்’ பற்றி இரண்டு நாள் யோசித்தேன். எழுத்தில் அழகாக இருக்கிறது, ‘இடையகத் திணறல்’ என்று கூட்டவும் வருகிறது. என் பயம் ஒன்றுதான். மூச்சுத் திணறுகிறது என்றால் வீட்டில் என்ன செய்வோம்? பதறி ஓடுவோம். பதறுகிற கைதான் பேட்டரிக்குப் போகும். விக்கினால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை.

நமக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பதைவிட, தொழிலில் இருக்கிற மூன்று பையன்களுக்குப் போன் போட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. “கல்யாணத்துல கேமரா விக்குதுன்னா என்னடா செய்வே?” என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேர், “கொஞ்ச நேரம் விட்டுருவேண்ணே” என்றார்கள். மூன்றாமவன், “தண்ணி காட்டவா முடியும்?” என்றான். அவனும் பேட்டரியைச் சொல்லவில்லை. “மரத்துருச்சுன்னா?” என்றதற்கு மூன்று பேரும் சொன்னது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது, அல்லது பேட்டரியைக் கழற்றுவது. ‘திணறுது’ என்று கேட்டபோது ஒருவன் பொறுப்பேன் என்றான், ஒருவன் கார்டை மாற்றுவேன் என்றான், அதுவும் ஆபத்துதான். இன்னொருவன் திருப்பிக் கேட்டான்: “யாருக்குண்ணே?”

மூன்று பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். அதனால் ஒரு வேண்டுகோள். குழுவில் ஸ்டுடியோ பழக்கம் உள்ளவர்கள் அவரவர் ஊரில் இரண்டு பையன்களிடம் இதே கேள்வியைக் கேட்டு எழுதுங்கள். வெறும் சொல்லை மட்டும் சொல்லுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். கோவை, நெல்லைப் பக்கம் விக்குவது வேறு பொருளில் வழங்கினால் அதையும் தெரிவியுங்கள். அதுவரை பட்டியலில் ‘உறைதல்’ வரியை ஏற்றாமல் வைத்திருங்கள்.