ஈசி2 இயந்திரங்களை நிறுத்தியும் ஏடபிள்யூஎஸ் பில் இறங்கவில்லை, எங்கே பார்ப்பது?

கேள்வி

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், வர்ஜீனியா ரீஜனில் (டேட்டா சென்டர் வட்டாரம்) 12 ஈசி2 (வாடகை சர்வர்) டெஸ்ட் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் 200 ஜிகாபைட் ஜிபி2 (ஒரு எஸ்எஸ்டி வகை) டிஸ்க், ஒரு எலாஸ்டிக் ஐபி (நிலையான பப்ளிக் முகவரி). எல்லாவற்றையும் ஸ்டாப் செய்து ஒரு மாதம் ஆச்சு. பில்லில் ஈசி2 வரி விழுந்துவிட்டது, ஆனால் "ஈசி2 அதர்" வரி அசையவே இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது? எதை அழித்தால் பின்னால் வம்பு வராது?

பதில் 1

ஸ்டாப் செய்தால் நிற்பது சிபியு, மெமரி வாடகை மட்டும்தான். டிஸ்க் உங்கள் பேரிலேயே கிடப்பதால் அதன் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 2,400 ஜிகாபைட், ஒன்றுக்கு 0.10 டாலர், ஆக மாதம் 240 டாலர். ஐபிக்கும் உண்டு: 2024 பிப்ரவரி 1 முதல் பப்ளிக் ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், இயந்திரம் ஓடினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி. 12க்கு மாதம் சுமார் 44 டாலர். இதை ஈசி2 அதரில் தேடாதீர்கள், விபிசி (தனி நெட்வொர்க்) வரியில் இருக்கும்.

பில்லை அலசும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் சர்வீஸ் வாரியாகப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. குரூப் செய்யும் இடத்தில் "யூசேஜ் டைப்" என்று மாற்றுங்கள். டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் பிரதி), நாட் கேட்வே (உள் இயந்திரங்கள் இணையத்துக்குப் போகும் வாசல்) எல்லாம் தனித்தனியாக உடைந்து வரும். ரீஜன் வாரியாகவும் ஒருமுறை பாருங்கள். கன்சோல் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டும் என்பதால் வேறு ரீஜனில் மறந்துபோன டிஸ்க் கண்ணில் படாது.

அழிக்கும் வரிசை: முதலில் ஸ்னாப்ஷாட், அது "கம்ப்ளீட்டட்" ஆன பிறகு, அதிலிருந்து ஒரு டிஸ்க் உருவாக்கி மவுண்ட் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய டிஸ்க்கில் கை வைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டில் எழுதப்பட்ட பிளாக்குகள் மட்டுமே சேரும். 200க்கு 60 ஜிகாபைட்தான் எழுதியிருந்தால் 0.05 வீதம் மாதம் 3 டாலர். டிஸ்க்காக வைத்திருந்தால் 20. அழித்த கோப்புகளின் பிளாக்குகளும் இந்தக் கணக்கில் வரலாம், அதனால் லினக்ஸின் டிஎஃப் கட்டளை காட்டும் அளவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

டெர்மினேட் செய்தால் (இயந்திரத்தையே அழித்தால்) எல்லாம் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். ரூட் டிஸ்க் (ஓஎஸ் இருப்பது) வழக்கமாகப் போய்விடும். பிறகு மாட்டிய டிஸ்க்குகளுக்கு "டெலீட் ஆன் டெர்மினேஷன்" இயல்பாக அணைந்திருக்கும். அவை "அவைலபிள்" நிலையில் தங்கி, காசு தின்னும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் கேஎம்எஸ் கீயை (என்கிரிப்ஷன் சாவியை) மட்டும் தொடாதீங்க. சிக்கனப் பட்டியலில் மாதம் 1 டாலர்னு தெரியும், எடுத்துடலாம்னு தோணும். கீ போனா அந்த ஸ்னாப்ஷாட்டைத் திறக்க வழியே இல்லை. கீயை அழிக்க 7 முதல் 30 நாள் காத்திருப்பு வைப்பதே அதுக்காகத்தான்.

நாட் கேட்வே இருக்கான்னு பாருங்க. ஒன்றுக்கு மணிக்கு 0.045, மாதம் ஏறக்குறைய 33 டாலர், ஒரு பைட்கூட போகாவிட்டாலும். கிளவுட்வாட்சில் (கண்காணிப்புச் சேவை) வெளியே போகும் பைட் கணக்கு இரண்டு வாரமா பூஜ்யம்னா எடுத்துடலாம். எடுத்தபின் அதோட எலாஸ்டிக் ஐபி தானா விடுபடாது, கையால ரிலீஸ் பண்ணணும். பலரும் வழுக்குற இடம் இதுதான். கேட்வே தேவைதான், ஆனா போறதெல்லாம் எஸ்3க்குத்தான்னா (கோப்பு சேமிப்பு சேவை), எஸ்3 கேட்வே எண்ட்பாயிண்ட் போடுங்க. அது இலவசம், ஜிகாபைட்டுக்கு 0.045 மிச்சம்.

ஆர்டிஎஸ்ஸையும் (டேட்டாபேஸ் சேவை) ஸ்டாப் பண்ணிட்டுப் போயிருந்தா, 7 நாளில் அதுவே எழுந்து ஓட ஆரம்பிச்சிருக்கும். கடைசி ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு அழிக்கிறதுதான் சரி.

கேட்டவர்

நன்றி. 5 இயந்திரங்கள் திரும்பத் தேவைப்படும். அவற்றின் டிஸ்க்கை ஜிபி3க்கு (ஜிபி2வின் அடுத்த தலைமுறை) மாற்றினால் போதுமா? மாட்டாமல் கிடக்கும் 9 டிஸ்க்குகளும் கண்ணில் பட்டன. டேக் (அடையாளச் சீட்டு) கிடையாது, யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1

ஜிபி3 ஜிகாபைட்டுக்கு 0.08, ஆக ஒரு டிஸ்க்குக்கு மாதம் 4 டாலர் மிச்சம். ஓடும்போதே மாற்றலாம். ஆனால் ஜிபி3யில் அடிப்படை வேகம் நொடிக்கு 125 மெகாபைட். உங்கள் 200 ஜிகாபைட் ஜிபி2, பர்ஸ்ட் கிரெடிட் (தற்காலிக வேகத்துக்கான சேமிப்பு) இருக்கும்வரை 250 வரை போகும். பேக்கப், பெரிய கோப்பு வாசிப்பு உள்ள இயந்திரமானால் வேறுபாடு தெரியும். கூடுதல் 125ஐ விலைக்கு வாங்கினால் 5 டாலர், அதாவது மிச்சத்தைவிட அதிகம்! வேகம் தேவைப்படாத டிஸ்க்கை மட்டும் மாற்றுங்கள்.

டேக் இல்லாதவற்றுக்கு: யார் என்ன செய்தார் என்று பதிவு வைக்கும் கிளவுட்ட்ரெயிலின் ஈவண்ட் ஹிஸ்டரியில் டிஸ்க்கின் ஐடியைப் போட்டு "டிடாச் வால்யூம்" தேடுங்கள். யார், எப்போது, எந்த இயந்திரத்திலிருந்து கழற்றினார் என்பது வரும். 90 நாள் வரைதான். அதற்கும் முந்தையது என்றால் எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவானது என்ற விவரமே துப்பு.

பதில் 3

ஒன்பதும் ஒரே அளவில், ஒரே நாளில் உருவாகியிருந்தால் குபர்நெட்டிஸ்மேல் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) சந்தேகப்படுங்கள். பிவிசியை (டிஸ்க் கோரும் பதிவை) அழிக்காமல் கிளஸ்டரை அழித்தால், அல்லது ரீக்ளெய்ம் பாலிசி "ரீட்டெய்ன்" என்றிருந்தால், டிஸ்க்குகள் அநாதையாகிவிடும்.

பழைய இகேஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் குபர்நெட்டிஸ் சேவை) கிளஸ்டர் ஏதாவது உயிரோடு இருந்தால் அதன் பதிப்பையும் பாருங்கள். வழக்கமான ஆதரவுக் காலமான 14 மாதம் கடந்ததும் மணிக்கு 0.10 டாலர் என்பது 0.60 ஆகிவிடும். ஒரு நோடுகூட (வேலை செய்யும் இயந்திரம்) இல்லாத கிளஸ்டருக்கே மாதம் 438 டாலர். உங்கள் 12 டிஸ்க்கும் சேர்ந்து 240தான்.