கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறது, ட்ரைகிளிசரைடு மட்டும் ஏறியிருக்கிறது: ரிப்போர்ட் புரியவில்லைங்க

பல்லடத்துத் தறிக்காரன்

வணக்கமுங்க. வயது 44, பல்லடம் பக்கம் சொந்தத் தறிக்குடோன். போன தை மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1. "வியாதி இன்னும் வரலை, வாசப்படியில நிக்குது" என்று டாக்டர் சொன்னார். மாத்திரை இல்லை, ஆறு மாதம் சாப்பாட்டைக் கவனித்துவிட்டு வரச் சொன்னார்.

அன்றிலிருந்து முட்டை தொடவில்லை. தேங்காய்ச் சட்னி இல்லை. எண்ணெய் கரண்டிக் கணக்குதான். வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு மாறியாயிற்று. ராத்திரி சோற்றுக்குப் பதில் ராகிக்களி.

தை ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 204, எல்டிஎல் (கெட்டது என்பார்கள்) 130, ஹெச்டிஎல் (நல்லது என்பார்கள்) 39, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 176, விஎல்டிஎல் (அந்தக் கொழுப்பைச் சுமப்பது) 35.
இந்த ஆடி ரிப்போர்ட்: மொத்தம் 192, எல்டிஎல் 108, ஹெச்டிஎல் 36, ட்ரைகிளிசரைடு 238, விஎல்டிஎல் 48.

ஹெச்பிஏ1சி அதே 6.1. சீட்டு கொடுத்த பெண் "டோட்டல் 200க்குள்ளதான் இருக்குதுங்க, ஒண்ணும் பயமில்லை" என்றாள். எண்ணெயே இல்லாமல் சாப்பிடுகிறவனுக்கு ட்ரைகிளிசரைடு எப்படி ஏறும்? டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

கோபிக்காரி

அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி, டீ? எண்ணிச் சொல்லுங்க.

பல்லடத்துத் தறிக்காரன்

நைட் ஷிப்ட் பார்த்தால் ஆறு. இல்லாவிட்டால் நாலு, ஐந்து. எல்லாமே நாட்டுச்சர்க்கரைதாங்க.

கோபிக்காரி

அதுதான் கேட்டேன். எனக்கும் இரண்டு வருடம் முன்னால் இதே கதை. டம்ளருக்கு இரண்டு கரண்டி, ஐந்து டம்ளர் என்றால் நாளைக்கு 50 கிராம் சுமாருக்கு. நாட்டுச்சர்க்கரையும் கரும்புதானே? நிறமும் வாசமும் வேறு, ஈரலுக்குப் போய்ச் சேர்ந்தால் சர்க்கரைதான். நான் ஒரு வாரம் அடுப்பு மேடையில் ஒரு டப்பா வைத்தேன். காபிக்குப் போடுகிற ஒவ்வொரு கரண்டிக்கும் அதே அளவு அதில் ஒரு கரண்டி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு எங்க மாமியார் கேட்டது: "ஒப்புட்டுக்கு எடுத்து வெச்சியா கண்ணு?"

களியும் அப்படித்தான். ராகி நல்லதுதான், ஆனால் உருண்டை எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்பதில்லை.

மூலிகைத் தோட்டம்

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. 48 நாள் காலையில் கொள்ளு ரசம் குடியுங்கள், கொழுப்பு தானாகக் கரையும். டாக்டரிடம் போனால் ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுப்பார், அதைத் தின்றால் இல்லாத சர்க்கரையும் வரும். உஷார்.

ஈரோடு லேப் ரிட்டயர்டு

கொள்ளு நல்ல சாப்பாடு, நாங்களும் வாரம் மூன்று நாள் கடைந்து சாப்பிடுகிறோம். அதை மருந்தாக்க வேண்டாம். ஸ்டாட்டின் பேச்சு அப்புறம். முதலில் தம்பி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன், இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

238ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள்: 47.6. சீட்டில் விஎல்டிஎல் 48. அதாவது அதை யாரும் அளக்கவில்லை, வகுத்து எழுதியிருக்கிறார்கள். எல்டிஎல்லும் அப்படியே. மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்து, விஎல்டிஎல்லைக் கழித்து, மிச்சத்தை எல்டிஎல் என்று போடுவது. 192இல் 36 போனால் 156, அதில் 48 போனால் 108. ஃப்ரீட்வால்ட் சூத்திரம் என்று பெயர், 1972இலிருந்து புழங்குகிறது. எல்டிஎல்லை நேராக அளக்கும் லேப்களும் உண்டு, உங்கள் சீட்டு அந்த வகை இல்லை. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது.

இப்போது விளங்குகிறதா? ட்ரைகிளிசரைடு ஏற ஏறக் கழிக்கிற தொகை பெரிதாகும், எல்டிஎல் சின்னதாகத் தெரியும். உங்களுக்கு மொத்தம் 12தான் குறைந்தது, எல்டிஎல் மட்டும் எப்படி 22 குறையும்? அந்த 22இல் 13 பக்கத்து விஎல்டிஎல் கட்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாதிரி ஆட்களுக்கு நான் பார்க்கச் சொல்வது சீட்டில் பாதி லேப்கள் போடாத ஒரு எண்: மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்தால் வருவது. நான்-ஹெச்டிஎல் என்பார்கள். தையில் 165, ஆடியில் 156. ஒன்பது குறைந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் 22 இல்லை. பொதுவாக இதை 130க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டர்தான் முடிவு செய்வார்.

ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், ஆணுக்கு ஹெச்டிஎல் 40க்குக் கீழ், கூடவே சர்க்கரை வாசப்படியில். மூன்றும் ஒரே குடும்பம். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காதபோது ஈரல் மிஞ்சிய மாவையும் சர்க்கரையையும் கொழுப்பாக்கி விஎல்டிஎல் வண்டியில் ஏற்றி ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நெரிசலில் ஹெச்டிஎல் தேய்ந்து போகும். அதனால்தான் எண்ணெயைக் குறைத்தும் ஏறுகிறது. இடுப்பையும் அளந்து எழுதுங்கள், நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்ததற்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?

பல்லடத்துத் தறிக்காரன்

மாட்டிக்கொண்டேன். முந்தின நாள் மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் கிடா விருந்து. மத்தியானம் சாப்பிட்டது போக ராத்திரி 11 மணிக்கு மறுபடியும். மாமன் மச்சான் சேர்ந்ததில் இரண்டு ரவுண்டும் ஆயிற்று. காலையில் ஏழரைக்கு ரத்தம் கொடுத்தேன். பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லையே, வெறும் வயிறுதானே?

இடுப்பு 98.

ஈரோடு லேப் ரிட்டயர்டு

வெறும் வயிறு இல்லை தம்பி, எட்டரை மணி நேரம்தான். ட்ரைகிளிசரைடுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும், முந்தின நாள் சாராயமும் விருந்தும் கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் குடித்திருக்கிறீர்கள். நான் வேலையில் இருந்தபோது திங்கட்கிழமை காலை வருகிறவர்களில் சிலருக்கு, டியூபைச் சுற்றவிட்டு எடுத்தால் மேலே தெளிவாக நிற்க வேண்டிய சீரம் அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி நிற்கும். "நேத்து எங்க விசேஷமுங்க?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அதற்காக 238 முழுவதும் கிடாய்க்கறி என்று தப்பிக்க வேண்டாம். தையில் விருந்து இல்லாமலே 176 இருந்ததே. இரண்டு, மூன்று வாரம் பொறுத்து ஒழுங்காக வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள். கூடவே தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், தைராய்டு மந்தமானாலும் கொழுப்பு ஏறும்.

வீட்டில் யாருக்காவது இருதயக் கோளாறு?

பல்லடத்துத் தறிக்காரன்

அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்தாங்க. இப்போது நன்றாக இருக்கிறார், காட்டுக்கும் போகிறார்.

திருச்செங்கோடு ஃபார்மசி

அண்ணா, இதைத்தானே முதலில் எழுதியிருக்க வேண்டும்! அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்னால் இருதய அடைப்பு என்றால் ரிப்போர்ட்டைப் படிக்கிற கண்ணே வேறு. டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

ஸ்டாட்டின் பற்றி மேலே ஒருவர் எழுதியது பாதி உண்மை. சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், வாசப்படியில் நிற்பவர்களில் சிலர் சற்று முன்னதாகவே உள்ளே போய்விடுவார்கள். ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது என்பதால்தான் எழுதுகிறார்கள். எங்கள் கவுண்டருக்கு வந்து "பக்கத்து வீட்டுக்காரர் போடுகிற மாத்திரையே கொடுங்க" என்பார்கள், அதுவும் வேண்டாம். இப்படிப் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்துவதும் வேண்டாம்.

முட்டையை விட்டதால் பெரிய லாபம் இல்லை, நாளைக்கு ஒன்று சாப்பிடுவதில் பொதுவாகப் பயமில்லை. கடலை எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம், செடியிலிருந்து வருகிற எந்த எண்ணெயிலும் அது இருக்காது.

நடக்கிறீர்களா? தறிக்கு நடுவே நிற்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு வாசப்படியில் நின்ற நம் நாட்டு ஆட்களையே வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. நடையும் சாப்பாடும் மட்டும் மாற்றியவர்களில் சர்க்கரை நோய்க்குப் போகிற வாய்ப்பு 28 சதவீதம் சொச்சம் குறைந்திருந்தது.

பல்லடத்துத் தறிக்காரன் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றிங்க. டாக்டர் கிடா விருந்துக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். காபி இப்போது நாளைக்கு இரண்டு, சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது. காலையில் வாய்க்கால் மேட்டில் 40 நிமிட நடை. களி உருண்டை பாதி, பக்கத்தில் கொள்ளுப் பருப்பும் கீரையும். 12 மணி நேரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்:

மொத்தம் 188, ஹெச்டிஎல் 37, ட்ரைகிளிசரைடு 182, விஎல்டிஎல் 36, எல்டிஎல் 115. டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிறது.

எல்டிஎல் 108இலிருந்து 115க்கு ஏறியிருக்கிறதே என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். நான் சீட்டின் பின்னால் 188இல் 37ஐக் கழித்து 151 என்று எழுதிக் காட்டினேன். 156 இப்போது 151.

அப்பா விவரத்தைச் சொன்னதும் டாக்டர் குறைந்த அளவில் ஸ்டாட்டின் ஆரம்பித்திருக்கிறார். மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சியும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு தம்பிகளையும் கூட்டி வரச் சொன்னார். பெரியவன் வருகிறேன் என்றான். சின்னவன் ஐப்பசி போகட்டும் என்கிறான்.

கோபிக்காரி

தீபாவளிக்கு அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போய்விடாதீங்க அண்ணா.