பிரசவத்துக்குப் பின்னரான சிறுநீர்க் கசிவு: பெண் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) தேவை

வணக்கம். புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். தலைப்பிள்ளைக்கு ஐந்து மாதம். வாக்யூம் (குழந்தையின் தலையில் பொருத்தி இழுக்கும் உறிஞ்சு கருவி) போட்டு எடுத்த பிரசவம், பிறப்புவாயில் தசைவரை ஏற்பட்ட இரண்டாம் நிலைக் கிழிவுக்குத் தையலும் இடப்பட்டது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன்.

இருமினாலும், தும்மினாலும், கிணற்றடியில் வாளியைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. பின்னேரமானால் கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல ஒரு பாரம். குந்தியிருந்து பால் கொடுக்கையில் அது கூடுகிறது, ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் தணிகிறது. காய்ச்சலோ இரத்தப்போக்கோ இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று இல்லையென வந்தது. குடும்பநல உத்தியோகத்தர் சொல்லித்தந்தபடி, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை வேளைக்குப் பத்துத் தடவையாக நாளுக்கு மூன்று வேளை செய்துவருகிறேன். ஆனால் சரியான தசையைத்தான் இறுக்குகிறேனா, மூச்சைப் பிடித்து வயிற்றை அமுக்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, அதை யாரும் பரிசோதித்துப் பார்க்கவும் இல்லை. வயிற்றில் துணி இறுக்கிக் கட்டுவதை விட்டுவிட்டேன். மலச்சிக்கல் வராதபடி கீரையும் பப்பாசியும் சாப்பிடுகிறேன். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் குறைவதால் பிறப்புறுப்பில் வறட்சி இருக்கும் என்று கிளினிக்கில் விளக்கினார்கள். அதற்காகப் பாலை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. மாமி இது எல்லாருக்கும் உள்ளதுதான் என்கிறார். எல்லாருக்கும் உள்ளதென்றால் அதற்கு வைத்தியமும் இருக்கத்தானே வேண்டும்!

கைக்குழந்தையோடு நெடுந்தூரப் பயணம் கடினம் என்பதால் கேட்கிறேன்: முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா அரச வைத்தியசாலைகளில் இடுப்புத்தள தசைகளை நேரில் பரிசோதித்துப் பயிற்சி தரும் பெண் இயன்மருத்துவர் எங்கே, எந்த நாளில் இருக்கிறார்?