நோயுற்ற கடற்சாமந்தியைச் சிகிச்சைத் தொட்டியில் தேற்றுதல்: கொழும்பு அனுபவங்கள் (கடல் மீன்தொட்டி வளர்ப்போரின் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

வெள்ளவத்தை உப்புத்தண்ணி

முதல் நாள் பூப்போல விரிந்து நின்ற கடற்சாமந்தி (சீ அனிமனி என்கிற கடல் விலங்கு) மூன்றாம் நாள் வாய் பிளந்து தரையில் கிடக்கும். "தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று கடைக்காரர் சொல்லுவார். பல தடவை தண்ணீரில் குறையே இருக்காது. பாறையிலிருந்து பிய்க்கும்போது அடிப்பாதம் கிழிந்திருக்கும். பிறகு சின்னப் பொலித்தீன் பையில், தன் கழிவுக்குள்ளேயே, ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்திருக்கும். அந்தக் காயத்தில் பக்டீரியா ஏறிவிடுகிறது.

ஒருமுறை சுருங்கியதைப் பார்த்து மருந்துக்கு ஓட வேண்டாம். சுகமாயிருக்கும் சாமந்தியும் உடம்பிலுள்ள தண்ணீரைக் கழிவோடு வெளியே தள்ளிவிட்டுச் சில மணித்தியாலங்களில் மறுபடி ஊதும். மண்ணிறச் சளி இழையாக வருவதும் தனியே ஒரு நோயில்லை, உடம்புக்குள் வாழும் பாசியில் மிகுதியானதைக் கழிக்கிறது. பார்க்க வேண்டியது திரும்பத் திரும்ப நடக்கிறதா என்பதை. பகலில் விரிந்து இரவில் முழுதாகச் சுருங்கும், அடுத்த நாள் விரிவது இன்னும் பிந்தும், அதற்கடுத்த நாள் வாய் மூடாது, கை போன்ற உணர்கொம்புகள் விரலில் ஒட்டாது. இப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டியதுதான்.

இனத்துக்கு இனம் வித்தியாசமும் உண்டு. பபிள் டிப் என்கிற என்டக்மியா குவாட்ரிகலர் நல்ல தண்ணீரில் தானாகவே தேறிவிடும். அடிக்கடி சிகிச்சை தேவைப்படுவது ஹெட்டரக்டிஸ் மக்னிஃபிகாவுக்கும் ஸ்டைகோடக்டைலா ஜைகன்டியாவுக்கும். நம்மூரில் ஒரு சங்கடம்: இலங்கையிலும் மாலைதீவிலும் வாழும் கறுப்புச் செட்டைக் கோமாளி மீன் இயற்கையில் மக்னிஃபிகாவை விட்டு வேறு சாமந்தியில் குடியிருப்பதில்லை. அந்த மீனுக்காக வாங்குகிறவர்கள் எல்லோரும், இருப்பதில் மிக எளிதில் நோயில் விழும் சாமந்தியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தெஹிவளை 40 லீட்டர்

தொட்டியைப் பற்றி. 40 லீட்டர் போதும்; சிகிச்சை நடக்கும் ஏழு நாளும் தினமும் தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டியிருக்கும். சாமந்தி ஒரு அடிக்கு மேல் விரியும் என்றால் மட்டும் 60. மணல் வேண்டாம், நுண்ணுயிர் குடியிருக்கும் உயிர்ப்பாறை வேண்டாம், நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் வேண்டாம், கரி வேண்டவே வேண்டாம். கரி ஒரே இரவில் மருந்தை உறிஞ்சிவிடும். பாறையும் மணலும் மருந்தைப் பிடித்து வைப்பதோடு அழுக்கையும் ஒளிக்கும். சாமந்தி பிடித்துக்கொள்ள ஒரு சிறிய பீங்கான் தட்டு அல்லது மெருகு பூசாத மண்சட்டி வையுங்கள். பிறகு தட்டோடு தூக்கலாம், பாதத்தைச் சுரண்ட வேண்டி வராது.

முன்பு மீனுக்குச் செம்பு மருந்து போட்ட தொட்டியைத் தொடாதீர்கள். சிலிக்கனில் ஊறிய செம்பு பிறகு கசியும். மீன் தாங்கும் அளவு சாமந்தியைக் கொன்றுவிடும். பழைய வாளிக்கும் குழாய்க்கும் இதே கதை.

தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்பான பவர்ஹெட் ஒன்று, அதன் உறிஞ்சும் வாயில் தடித்த பஞ்சு. சாமந்தி முதல் இரவே நடக்கும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். பஞ்சில்லாத பம்பில் அகப்பட்ட சாமந்தியை எந்த மருந்தும் மீட்காது. குமிழி விடும் காற்றுக் கல்லை ஒரு மூலையில், சாமந்திக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குமிழி அதன் உடம்புக் குழிக்குள் போனால் பாதம் விட்டு மிதந்துவிடும்.

வெளிச்சம் மிதமாக, ஒன்பது மணித்தியாலம். வெளிறி வெள்ளையானதென்றால் அதிலும் பாதியில் தொடங்குங்கள். பாசி போய்விட்ட உடம்புக்குப் பலத்த வெளிச்சம் இன்னொரு அடி.

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 முதல் 26.5 பாகை, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தில் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் சுழியம் காட்டுகிற கருவி 35இல் இரண்டு பிபிடி பொய் சொல்லலாம்.

கொட்டாஞ்சேனை வாசகன்

கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், கடல் தண்ணியையே அள்ளினால் என்ன அண்ணை? தினமும் 40 லீட்டர் மாற்ற உப்புக் காசு கட்டாது.

தெஹிவளை 40 லீட்டர்

தம்பி, எந்தக் கரையில் அள்ளப் போகிறீர்கள்? வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய் வாய்கள் கடலில் திறக்கின்றன. வடக்கே மட்டக்குளிப் பக்கம் களனி கங்கை விழுகிறது; மழைக்குப் பிறகு அங்கே உப்பும் இருக்காது, தெளிவும் இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கரையோரம் முழுக்கக் கலங்கல். சுகமான மீனுக்கு அந்தத் தண்ணி ஒருவேளை ஓடும். பக்டீரியாவோடு போராடுகிற உயிருக்கு மேலும் பக்டீரியா ஊற்றுவதில் அர்த்தமில்லை.

கணக்கைப் பாருங்கள். லீட்டருக்கு 36, 37 கிராம் உப்பு. 40 லீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. ஏழு தடவை நிரப்பப் பத்தரைக் கிலோ. மக்னிஃபிகா வாங்குகிற விலைக்கு முன்னால் இது பெரிதில்லை. வாங்கும்போதே உப்பையும் சேர்த்துக் கணக்குப் போடாதவர்தான் நாலாம் நாள் "இண்டைக்குப் பாதித் தண்ணி போதும்" என்பார்.

குழாய்த் தண்ணீரை நேரே பாவிக்க முடியாது, குளோரின் உண்டு. தண்ணீரைச் சவ்வால் சுத்திகரிக்கும், நாளுக்கு 50 கலன் தரும் ஆர்ஓ யூனிட் நல்ல அமுக்கத்தில் மணிக்கு ஏழெட்டு லீட்டர் தரும். மாடிக் குடியிருப்புகளில் அமுக்கம் குறைவு, அதில் பாதிதான் வரும்; பூஸ்டர் பம்ப் இல்லாவிட்டால் முந்திய நாள் காலையிலேயே திறந்துவிடுங்கள். மூடியுள்ள பரல் இரண்டு இருந்தால் ஒன்றில் தண்ணி சேர, மற்றதில் உப்புக் கரையும். கரைத்து ஒரு நாள் பம்பால் சுழற்றிய பிறகே ஊற்ற வேண்டும்.

பம்பலப்பிட்டி ரீஃப்

மருந்துக்கு வருகிறேன். பலரும் பாவிப்பது சிப்ரோஃப்ளொக்சசின் (சுருக்கமாகச் சிப்ரோ) என்கிற அன்டிபயோடிக். கடல் பக்டீரியாக்களில் தொல்லை தருபவை பெரும்பாலும் கிராம் எதிர் வகை (கிராம் சாயச் சோதனையில் பிரிக்கும் இரு வகைகளில் ஒன்று; மற்றது கிராம் நேர்). அவற்றின் டிஎன்ஏ பெருகுவதை இது நிறுத்தும். மீன் கடைகளில் எதற்கெடுத்தாலும் நீட்டுகிற எரித்ரோமைசின் கூடுதலாகக் கிராம் நேர் வகைக்கானது, இங்கே உதவாது.

அளவு: 40 லீட்டருக்கு 250 மில்லிகிராம் குளிசை ஒன்று. பெரிய சாமந்தி, மோசமான நிலை என்றால் 500. நன்னீர் அளவோடு ஒப்பிட்டு இது அதிகம் என்று குறைக்காதீர்கள். கடல் தண்ணீரிலுள்ள மக்னீசியமும் கல்சியமும் மருந்தைப் பிணைத்து அதன் வலுவைக் குறைத்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் இந்த அளவு.

குளிசையைத் தூளாக்கி அரைக் கப் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள், உப்புத் தண்ணீரில் வேண்டாம். உப்புத் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) நடுநிலைக்குக் கிட்டியது, அதில் சிப்ரோ கரைவது மிகக் குறைவு. நேரே தொட்டியில் போட்டால் வெள்ளைத் துகளாக அடியில் கிடக்கும். மேலோட்டின் சவ்வு கரையாமல் மிதந்தால் வடித்துவிடலாம்.

நேரம் முக்கியம். சிப்ரோ வெளிச்சத்தில் சிதையும். அதனால் மாலை, விளக்கு அணைந்த பிறகு தண்ணீரை முழுக்க மாற்றி மருந்தைப் போடுங்கள். இரவு முழுக்க வேலை செய்யும். அடுத்த நாள் விளக்கு எரியும், மாலையில் மறுபடி எல்லாத் தண்ணீரும் வெளியே. வடிகட்டி இல்லாத தொட்டியில் அமோனியாவைக் கட்டுப்படுத்துவதும் இந்த மாற்றம்தான். மருந்தை ஒருநாள் மறந்தாலும் சமாளிக்கலாம், தண்ணி மாற்றத்தை மறந்தால் முடியாது.

மாற்றும்போது சாமந்தியைக் கையால் தூக்காதீர்கள். ஊதியிருக்கிற உடம்பு தண்ணீருக்கு வெளியே வந்தால் தன் பாரத்திலேயே கிழியும். தட்டோடு ஒரு பேசினுக்குள், தண்ணீருக்கு அடியிலேயே நகர்த்துங்கள். தொட்டியை வடித்து, துடைத்து, புதுத் தண்ணி நிரப்பி அதே பேசினை இறக்குங்கள். பழைய தண்ணிக்கும் புதியதுக்கும் வெப்பத்தில் ஒரு பாகை, உப்பில் ஒரு பிபிடி, அதற்கு மேல் வித்தியாசம் கூடாது.

ஏழு நாள் குறைந்தபட்சம். முதல் மூன்று இரவும் சுருங்கும், அசிங்கமான சளி கக்கும். பயந்து மருந்தை இரட்டிப்பாக்க வேண்டாம். நாலாம் ஐந்தாம் நாளில் விரிந்து நிற்கும் நேரம் கூடினால் சரியான வழியில் போகிறது. கடைசி மூன்று நாளும் ஒருமுறைகூட முழுதாகச் சுருங்காவிட்டால் நிறுத்தலாம். ஏழாம் நாளும் சுருங்கினால் பத்து வரை கொண்டுபோங்கள். ஐந்தாம் நாள் அழகாக இருக்கிறதென்று நிறுத்தியவை அடுத்த வாரமே விழுந்ததைக் கொழும்பில் எத்தனையோ தொட்டிகளில் பார்க்கலாம்.

குளிசையைச் சீட்டில்லாமல் பார்மசியில் கேட்காதீர்கள். மிருக வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி எழுதி வாங்குங்கள். வாங்குகிற ஒவ்வொரு சாமந்திக்கும் நோயில்லாமலேயே "முன்னெச்சரிக்கையாக" சிப்ரோ போடுகிற பழக்கமும் பரவி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்துக்கு அடங்காத பக்டீரியாவை வீட்டிலேயே வளர்க்கிற வேலை அது. ஒரு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் தேவையா இல்லையா என்று சாமந்தியே காட்டிவிடும்.

மட்டக்குளி மாடிவீடு

கொழும்பு வெக்கையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. சாதாரண அறையில் சின்னத் தொட்டி மத்தியானம் 30 தாண்டும். மின்விசிறி வைத்தால் ஓரளவு இறங்கும், ஆனால் நம்முடைய ஈரக் காற்றில் ஆவியாதல் மெதுவென்பதால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உப்பும் ஏறும். கண்ணாடியில் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டு, குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணி மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் போத்தல் போடுவது மோசமான வழி: அரை மணித்தியாலத்தில் மூன்று பாகை இறங்கி மறுபடி ஏறும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லையென்றால் சிகிச்சைத் தொட்டியை ஏசி அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள், அந்தப் பத்து நாளைக்கு மட்டும். அப்போதுதான் ஹீட்டர் தேவைப்படும். ஏசி இரவில் 24க்கு இழுக்கும், 26இல் வைத்த ஹீட்டர் பிடித்து நிறுத்தும். கொழும்பில் ஹீட்டர் எதற்கென்று சிரிக்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

கரண்ட் போனால் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். 2022இல் பட்டபாடு எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 40 லீட்டர் தண்ணீரில் சுருங்கிச் சளி கக்கும் சாமந்தி ஒட்சிசனை வேகமாகத் தின்றுவிடும்.

வெள்ளவத்தை உப்புத்தண்ணி

எதற்கெல்லாம் சிப்ரோ பிரயோசனமில்லை என்பதையும் சேர்க்கிறேன். செம்பு நஞ்சு, பம்பில் அரைபட்டது, பட்டினி. பிறகு சாயம் ஏற்றியவை. கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் உடம்பு முழுக்க ஒரே நிறமாய் நின்றால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் வெளிறியதைச் சாயத்தில் தோய்த்திருப்பார்கள். அதற்குத் தொற்று இல்லாவிட்டால் மருந்து வேண்டாம், குறைந்த வெளிச்சமும் சாப்பாடும் வேண்டும்.

செத்ததா என்று சந்தேகம் வந்தால் மூக்கிடம் கேளுங்கள். சுருங்கிய சாமந்தி உறுதியாக இருக்கும், நாறாது. செத்தது நார் நாராகக் கரையும், நாற்றம் அறையைத் தாண்டும். கையுறையோடு உடனே எடுத்துவிடுங்கள். உயிரோடிருக்கும்போதும் கையுறை நல்லது, ஸ்டைகோடக்டைலா ஹட்டோனி போன்ற சாமந்திகள் தோலைத் தடிக்கப் பண்ணும்.

கொட்டாஞ்சேனை வாசகன்

சிகிச்சை நடக்கும்போது கொஞ்சம் றால் கொடுக்கலாமா? ஒன்றும் தின்னாமல் ஏழு நாள் பாவமாக இருக்கிறது.

பம்பலப்பிட்டி ரீஃப்

கொடுக்காதீர்கள். வாங்கிக்கொள்ளும், இரவில் பாதி அழுகினதாகக் கக்கும், அந்த அழுகலில் பக்டீரியா பெருகும். கோமாளி மீனும் இப்போது வேண்டாம், புண்ணில் உரசிக்கொண்டே இருக்கும்.

மருந்து நிறுத்தி ஒரு வாரம் ஒழுங்காக விரிந்து நின்ற பிறகு தொடங்குங்கள். தோலுரித்த பச்சை றாலை உறைய வைத்து, இளக்கி, பட்டாணி அளவில் ஒரு துண்டு. உப்பு, மஞ்சள் ஒன்றும் படக்கூடாது. உணர்கொம்பில் மெல்லத் தொட்டு விடுங்கள், வாய்க்குள் திணிக்காதீர்கள். இருபது நிமிடத்தில் உள்ளே போகாவிட்டால் எடுத்துவிடுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை. வெளிறியதற்கு இது கட்டாயம்: பாசி தருகிற சர்க்கரை இல்லாததால் றாலை நம்பித்தான் அது உயிர் வாழ்கிறது. நிறம் திரும்ப மாதக்கணக்காகும்.

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தண்ணி கலந்து பழக்குங்கள். முதல் இரவு அங்குள்ள எல்லாப் பம்பு வாயிலும் பஞ்சு இருக்கட்டும்.

மட்டக்குளி மாடிவீடு

வெளியே எடுக்கிற மருந்துத் தண்ணீரைக் கானுக்குள் ஊற்றாதீர்கள், அது நேரே கால்வாய்க்குத்தான் போகும். 20 லீட்டர் வாளிக்கு 25 மில்லி வீட்டு பிளீச் விட்டு, மொட்டை மாடி வெயிலில் ஒரு முழுப் பகல் திறந்து வையுங்கள். குளோரினும் வெயிலும் சிப்ரோவைச் சிதைக்கும். பிறகு குளியலறை வடிகாலில் விடலாம், பூச்செடிக்கு வேண்டாம், உப்பில் கருகிவிடும். அந்த வாளிக்குச் சிவப்பு நாடா ஒட்டித் தனியே வையுங்கள். பிளீச் பட்ட வாளியில் யாராவது அவசரத்துக்குப் புதுத் தண்ணி கலக்கப் பார்ப்பார்கள்.